கதவைத் தட்டாமல் வருகிறவர்கள்



நிஸ்வான் மதரஸாவில் பாடம் நடத்தும் ஒருத்தி சினிமாவைப் பற்றியும் கைப்பேசிச் செயலிகளைப் பற்றியும் எழுதுவதா என்று சில சகோதரிகள் முகம் சுளிக்கக்கூடும். என்னிடம் ஓதும் பெண்பிள்ளைகள் பதினைந்து முதல் இருபது வயதுக்கு உட்பட்டவர்கள். வகுப்புக்கு அவர்கள் கிதாபை மட்டும் கொண்டுவருவதில்லை. போன வாரம் வந்த படத்தின் கதை, புதிதாக வந்த போனின் கேமரா, யாரோ ஒருவரின் ரீல்ஸ் எல்லாம் கூடவே வருகின்றன. அவை பேசப்படும்போது காதைப் பொத்திக்கொண்டு, பேச்சு ஓய்ந்ததும் பாடத்தைத் தொடங்கலாம். நான் அப்படிச் செய்வதில்லை. அவர்கள் அதிகம் பேசும் படங்களில் சிலவற்றை வீட்டில் பார்த்தும் இருக்கிறேன். பார்ப்பது கூடுமா, கூடாதா என்ற விவாதத்துக்குள் இங்கே போகப் போவதில்லை. அதற்கு நம் ஆலிம்கள் இருக்கிறார்கள், பேசிக்கொண்டும் இருக்கிறார்கள். அந்த விவாதத்தின் சத்தத்தில் நம் காதில் விழாமல் போன வேறொன்றைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

2012 தீபாவளிக்குத் ‘துப்பாக்கி’ வெளியானதும், அடுத்த சில வாரங்களில் ‘விஸ்வரூபம்’ வரவிருந்ததும் பலருக்கு நினைவிருக்கும். சமுதாயமே எழுந்து நின்றது. முதல் படத்தில் சில காட்சிகள் நீக்கப்பட்டன. இரண்டாவது படம் தமிழ்நாட்டில் இரு வாரங்கள் தடைபட்டு, பேச்சுவார்த்தைக்குப் பின் சில இடங்களில் ஒலி நீக்கப்பட்டு, 2013 பிப்ரவரி 7 அன்று திரைக்கு வந்தது. அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ‘ஸ்லீப்பர் செல்’ என்ற சொல், நம் பிள்ளைகளைக் கேலி செய்யும் சொல்லாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். நம்மைச் சந்தேகத்துக்குரியவர்களாக, எந்நேரமும் வேவு பார்க்கப்பட வேண்டியவர்களாகத் திரையில் காட்டினால் யாருக்குத்தான் வலிக்காது?

2020 நவம்பரில் இன்னொரு செய்தி வந்தது. உலகெங்கும் ஒன்பது கோடியே எண்பது லட்சம் முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்ட ‘முஸ்லிம் புரோ’ என்னும் தொழுகை நேரச் செயலி, தன் பயனாளர்களின் இருப்பிட விவரங்களை ‘எக்ஸ்-மோட்’ என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு அளித்து வந்தது என்றும், அந்த நிறுவனம் பல செயலிகளிடமிருந்து திரட்டிய விவரங்கள் ஒப்பந்ததாரர்கள் வழியாக அமெரிக்க இராணுவத்தைச் சென்றடைந்தன என்றும் ‘வைஸ்’ இதழின் ‘மதர்போர்டு’ பிரிவு வெளியிட்டது. இராணுவத்துக்கு நாங்கள் நேரடியாக விற்கவில்லை என்று செயலியின் நிறுவனம் மறுத்தது. எக்ஸ்-மோடுடன் உள்ள தொடர்பை உடனே முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தது. அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும், எக்ஸ்-மோடின் நிரலைத் தத்தம் கடைகளில் உள்ள செயலிகளிலிருந்து நீக்கும்படி உத்தரவிட்டன. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், மருத்துவ நிலையங்கள், வழிபாட்டுத் தலங்கள் போன்ற இடங்களுக்கு யார் வந்து போகிறார்கள் என்பதைக் காட்டும் விவரங்களை அந்த நிறுவனம் விற்பதற்குத் தடை விதித்தது.

ஒரு திரைப்படத்துக்காகத் தெருவில் இறங்கிய நாம் இதற்காக என்ன செய்தோம்? எங்கள் ஊரில் ஒரு துண்டறிக்கைகூட வரவில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு நாள் அந்தச் செய்தி சுற்றியது. பிறகு வழக்கம்போலக் காலை வணக்கப் படங்கள் வந்து அதை மூடிவிட்டன. திரையில் நடிகர் ஒருவர் நம்மை வேவு பார்த்தால் கொதிக்கிறோம். நம் தொழுகை நேரத்தைச் சொல்ல வந்த செயலியே நாம் எந்தப் பள்ளிவாசலில், எந்த வக்தில் நின்றோம் என்று எங்கோ எழுதிவைத்தால், அது நமக்கு ஒரு தொழில்நுட்பச் செய்தியாக மட்டுமே படுகிறது.

இதில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது, தொழுகை நேரத்தைக் கணக்கிட நம் வீட்டு வாசல் வரை யாரும் வரவேண்டிய அவசியமே இல்லை என்பதுதான். லுஹர் நேரம் சூரியன் உச்சி சாய்வதைப் பொறுத்தது. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகிறது. சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் ஏறத்தாழ 3.3 டிகிரி தீர்க்கரேகை வித்தியாசம். ஆகவே கோவையில் லுஹர் சுமார் 13 நிமிடம் பிந்துகிறது. ஆனால் ஓர் ஊரின் கிழக்கு எல்லைக்கும் மேற்கு எல்லைக்கும் ஐந்து கிலோமீட்டர் இருந்தால், வித்தியாசம் பதினொரு வினாடிதான். முஅத்தின் தொண்டையைச் செருமிக்கொள்ளும் நேரம். பள்ளிவாசல் சுவரில் ஆண்டு முழுவதற்கும் ஒரே அட்டவணை தொங்குவதும் அது ஊர் முழுமைக்கும் போதுமாவதும் இதனால்தான். கிப்லாவின் திசைக்கும் அப்படியே. ஊர் தெரிந்தால் போதும், தெரு தெரிய வேண்டியதில்லை. அப்படியிருக்க, ஒரு தொழுகைச் செயலி நம் துல்லியமான இருப்பிடத்தை, அதுவும் இருபத்து நான்கு மணி நேரமும் கேட்பது எதற்காக? இலவசமாகக் கிடைக்கும் செயலி எதையாவது விற்றுத்தான் நடக்க வேண்டும்.

வழி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஐபோனில் 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், மற்றப் போன்களில் 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதலும், துல்லியமான இருப்பிடத்தைத் தராமல் தோராயமானதை மட்டும் தரும் வசதி உள்ளது. செட்டிங்ஸில் அந்தச் செயலியின் அனுமதிகளைத் திறந்து அதை மாற்றுங்கள். அல்லது இருப்பிட அனுமதியையே மறுத்துவிட்டு, ஊர்ப் பெயரை நீங்களே தேர்ந்தெடுங்கள். பாங்கு ஒரு நிமிடமும் பிசகாது.

2018-ல் வந்த ‘இரும்புத்திரை’யை எங்கள் மாணவிகள் இன்றும் பேசுவார்கள். மித்ரன் இயக்கத்தில் விஷால் நடித்த படம். தங்கையின் திருமணத்துக்காக வாங்கிய கடன் பணம் வங்கிக் கணக்கிலிருந்து காணாமல் போகிறது; தேடிப் போனால், நாம் அங்கங்கே கொடுத்துவைத்த விவரங்களையெல்லாம் திரட்டி மக்களைச் சுரண்டும் ஒரு கூட்டம், அதற்குத் தலைவனாக அர்ஜுன். நம் விவரங்களுக்கு விலை உண்டு என்பதைத் தமிழ்நாட்டின் சாதாரணக் குடும்பங்களுக்குச் சொன்னதில் எந்தப் பயானையும் விட அந்தப் படம் அதிக வேலை செய்திருக்கிறது என்பது என் எண்ணம். அதற்காகப் பாராட்டுகிறேன். ஆனால் படம் பார்த்து முடித்த பிள்ளைகளிடம் ‘யார் குற்றவாளி?’ என்று கேட்டால், ‘அர்ஜுன்’ என்கிறார்கள். அங்கேதான் சிக்கல். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மேதாவி நம் போனுக்குள் புகுந்ததாகக் காட்டிவிட்டால், கதாநாயகன் அவனை அடித்து வீழ்த்தியதும் நாம் நிம்மதியாக எழுந்து வீட்டுக்குப் போகலாம். தொழுகைச் செயலியின் விஷயத்தில் வில்லன் யாரும் இல்லையே! கட்டளையிட்ட தலைவன் இல்லை, பூட்டை உடைத்தவன் இல்லை. ‘அனுமதிக்கவா?’ என்று ஒரு கட்டம் வந்தது. ‘அனுமதி’ என்பதை நாமே தொட்டோம்.

அனுமதி என்ற சொல் நம் மார்க்கத்தில் எவ்வளவு கனமானது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழைய வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை. திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்பதும் அதன் தொடர்ச்சி. நபி (ஸல்) அவர்கள் தலை கோதிக்கொண்டிருந்தபோது கதவின் துவாரம் வழியே ஒருவர் எட்டிப் பார்த்தார். நீ பார்ப்பது தெரிந்திருந்தால் இந்தச் சீப்பால் உன் கண்ணில் குத்தியிருப்பேன், அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்ற கருத்தில் அவர்கள் கடிந்துகொண்டதாக ஸஹீஹ் நூல்களில் வருகிறது. இதை ஒவ்வோர் ஆண்டும் நான் பாடமாக நடத்துகிறேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதுகிறார்கள். எழுதி முடித்து வெளியே வந்ததும், டார்ச் அடிக்க ஒரு செயலியைப் போட்டு, அது தொடர்பு எண்களையும் படங்களையும் மைக்கையும் கேட்டால் நான்கு முறை ‘அனுமதி’ தொடுகிறார்கள். பாடத்துக்கும் போனுக்கும் தொடர்பு இருப்பதாக நாம் அவர்களுக்குச் சொல்லவே இல்லையே. நம் கண்ணுக்குப் போன் என்பது கெட்டதைக் காட்டும் பொருள். அது நம்மைப் பார்க்கும் பொருளும்கூட என்பது நம் கணக்கில் இல்லை.

இதுவரை சொன்னது வெளியார் பற்றியது. இதை எழுத என்னைத் தூண்டியது வெளியார் அல்ல.

2022 நவம்பரில் ‘லவ் டுடே’ வந்தபோது என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் கதை தெரிந்திருந்தது. பிரதீப் ரங்கநாதன் இயக்கி நடித்த படம். மணம் முடிக்க விரும்பும் இருவரிடம், பெண்ணின் தந்தையாக வரும் சத்யராஜ் ஒரு நிபந்தனை போடுகிறார்: ஒரு நாள் முழுவதும் போனை மாற்றிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகும் சேர்ந்து வாழ விரும்பினால் எனக்குச் சம்மதம். போன்கள் கைமாறுகின்றன. பழைய உரையாடல்களும் அழித்துவிட்டதாக நினைத்தவையும் ஒவ்வொன்றாக வெளியே வர, அன்பாக இருந்த இருவர் ஒரே நாளில் ஒருவரையொருவர் விசாரிக்கும் காவலர்களாகிவிடுகிறார்கள். படத்தின் பேச்சும் சில காட்சிகளும் நம் வீட்டுக் கூடத்துக்கு உகந்தவை அல்ல. குடும்பத்துடன் உட்கார்ந்து பாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தொடக்கத்தில் ஒரு காட்சி இருக்கிறது. சிறுவன் மாங்கொட்டையை மண்ணில் புதைக்கிறான். முளைத்ததா என்று பார்க்கத் தினமும் தோண்டுகிறான். நம்பிக்கை வைத்து விட்டுவிடச் சொல்கிறாள் தாய்.

அந்தக் காட்சியை எழுதியவருக்குக் குர்ஆனின் 49-ஆம் அத்தியாயம் தெரிந்திருக்க நியாயமில்லை. சந்தேகம், துருவித் துருவி ஆராய்தல், புறம்பேசுதல் ஆகிய மூன்றையும் அதன் 12-ஆம் வசனம் ஒரே மூச்சில் தடுக்கிறது. முஃபஸ்ஸிர்கள் இந்த வரிசையைக் கவனிக்கச் சொல்வார்கள். மனத்தில் சந்தேகம் விழுகிறது, அதை உறுதிசெய்ய உளவு தேவைப்படுகிறது, உளவில் கிடைத்தது நாவில் வந்து புறமாகிறது. ‘லவ் டுடே’யின் இரண்டாம் பாதி இந்த வரிசையிலேயே நடக்கிறது.

படத்தோடு எனக்குள்ள பிணக்கு அதன் முடிவில்தான். எல்லாம் வெளியே வந்து, அழுது, மன்னித்து, நம்பிக்கை திரும்புகிறது. பார்த்துவிட்டு எழுபவருக்கு, அந்தத் தந்தை கடுமையானவர் என்றாலும் அவர் வைத்த சோதனை நல்லதில் முடிந்தது என்றே தோன்றும். வாழ்க்கையில் அது அப்படி முடிவதில்லை. அதே படத்தில் யோகிபாபுவின் பாத்திரம் தன் போனைக் கடைசி வரை காட்ட மறுக்கிறது. பெண் சந்தேகப்படுகிறாள், நாமும் சந்தேகப்படுகிறோம். உள்ளே இருந்ததோ, அவருடைய தோற்றத்தை மற்றவர்கள் கேலி செய்து அனுப்பியவை. மறைக்கப்படும் எல்லாமே பாவம் அல்ல. சில அவமானங்கள், சில காயங்கள். அந்தக் கிளைக்கதைக்காகவே அந்தப் படத்தின் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு மாணவி சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் மதரஸா முடியும் நேரத்தில் வந்தார். கணவர் வளைகுடாவில். பதினேழு வயது மகள், கல்லூரியில் படிக்கும் மகன். மற்றவர்கள் போகும் வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“உஸ்தாதா, ஒரு மஸ்அலா. மக போன்ல அவளுக்குத் தெரியாம ஒரு ஆப் போட்டு வச்சிருக்கேன். அவ யார்கூட பேசுறா, என்ன படம் எடுக்குறா, எல்லாம் என் போன்ல வந்துடும். இது கூடும்தானே? பெத்தவ நான்.”

மகள்மேல் ஏதாவது சந்தேகமா என்றேன். “அல்லாஹ் மேல ஆணையா ஒண்ணும் இல்ல. காலம் கெட்டுக் கெடக்கு, அதான்” என்றார். யார் போட்டுக்கொடுத்தது என்று கேட்டேன். கடைத்தெருவில் போன் பழுதுபார்க்கும் கடையில் உள்ள பையன். அதற்காக ஒரு மெயில் கணக்கை அவனே தொடங்கி, கடவுச்சொல்லையும் அவனே வைத்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்தச் சீட்டைப் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார்.

இந்தத் தாயை நான் பல ஆண்டுகளாக அறிவேன். மகளின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்ததற்காகச் சொந்தத் தங்கையோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தவர். மஹ்ரம் அல்லாத ஒருவர் வாசலில் நின்றால் மகளை அடுக்களைக்குள் போகச் சொல்பவர். அவரிடம் மெதுவாகச் சொன்னேன்: உங்கள் மகள் அறையில் தலைமுடி உலர்த்தும்போது எடுத்துக்கொண்ட படம் உங்கள் போனுக்கு வருவதாகச் சொல்கிறீர்கள், அது அந்தக் கணக்கு வழியாகத்தானே வருகிறது? கடவுச்சொல்லை எழுதிய கைக்கு அது தெரியாதா?

அவர் முகம் மாறியதை நான் விவரிக்க விரும்பவில்லை. அந்தப் பையன் நல்லவனாக இருக்கலாம். சீட்டை எழுதிய மறுகணமே மறந்தும் இருக்கலாம். அவன்மேல் கெட்ட எண்ணம் வைக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் திறந்த கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, யாரும் உள்ளே வரவில்லை என்று நாம் எதைக் கொண்டு சொல்வது?

இவ்வகைச் செயலிகள் பெரும்பாலும் கூகுளின் கடையில் கிடைப்பதில்லை. மறைந்திருந்து வேவு பார்ப்பவற்றைக் கூகுள் அனுமதிப்பதில்லை. பிள்ளைகளைக் கண்காணிக்கும் செயலி என்றால், அது இயங்குவது போனில் எப்போதும் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே மறைமுகச் செயலியைப் போட, போனின் பாதுகாப்புப் பரிசோதனையை முதலில் அணைக்கச் சொல்வார்கள். பிள்ளையைக் காக்க வீட்டின் பூட்டைக் கழற்றும் வேலை. திரட்டியவை எங்கே போய்ச் சேர்கின்றன? ‘ஸ்பைஃபோன்’ என்ற நிறுவனம் இப்படியொரு செயலியை விற்றது. 2018-ல் ஒருவர் அதன் கணினிக்குள் புகுந்து சுமார் 2,200 பேரின் விவரங்களை எடுத்துவிட்டார். 2021 செப்டம்பரில், மேலே நான் சொன்ன அதே அமெரிக்க ஆணையம் அந்த நிறுவனத்தை இந்தத் தொழிலிலிருந்தே விலக்கியது. பெற்ற தாய் பார்ப்பதாக நினைத்த படங்களை யாரோ ஒரு அந்நியனும் பார்த்திருக்கிறான் என்பதே அந்த வழக்கின் சாரம்.

‘அப்படியானால் பிள்ளைகளை அவிழ்த்து விட்டுவிடச் சொல்கிறீர்களா?’ என்று ஒரு சகோதரர் கேட்பது எனக்குக் கேட்கிறது. இல்லை. ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார்கள் என்ற நபிமொழியை நானும்தான் பாடம் நடத்துகிறேன். பதினோரு வயதுப் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது நம்பிக்கை அல்ல, அலட்சியம். இத்தனை மணிக்கு மேல் போன் கூடத்தில் இருக்கும், புதுச் செயலி போட என்னிடம் கேட்க வேண்டும், நான் அவ்வப்போது உன் எதிரிலேயே பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ போன்றவை பிள்ளைக்குத் தெரிந்தே இயங்குபவை. என்ன கண்காணிக்கப்படுகிறது என்பதைப் பிள்ளையின் போனிலேயே காட்டுபவை. வயது ஏற ஏற அவற்றைத் தளர்த்துங்கள். தெரிந்து செய்வதற்குப் பெயர் பராமரிப்பு. தெரியாமல் செய்வதை மார்க்கம் வேறு பெயரால் அழைக்கிறது. ஆட்சிப் பொறுப்புக்கு வந்த முஆவியா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஒன்று அபூதாவூதில் உள்ளது: மக்களின் மறைவான குறைகளைத் தேடிப் போனால் அவர்களைக் கெடுத்துவிடுவாய் என்பது அதன் கருத்து. தேடுவதால் திருந்துவார்கள் என்று நாம் எண்ணுகிறோம். தேடுவதே கெடுக்கும் என்கிறது அது. ஒளித்து வைக்கப் பழகிய பிள்ளை நாளை தோழியின் போனில் இரண்டாவது கணக்கு தொடங்குவாள். அந்தக் கணக்கில் உண்மையிலேயே ஆபத்து வரும் நாளில் நம்மிடம் சொல்ல வரமாட்டாள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அதிகாலைக்கு முன், நண்பகலில் ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும் வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் சொந்தப் பிள்ளைகளும் அனுமதி கேட்டே பெற்றோரின் அறைக்குள் வர வேண்டும் என்று ஸூரத்துந் நூர் கற்பிக்கிறது. பருவ வயதை அடைந்தபின் எல்லா நேரத்திலும் கேட்க வேண்டும். ஆக, ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களுக்குள்ளும் ஒரு திரை உண்டு என்பதை மார்க்கம் ஒப்புக்கொள்கிறது. நமக்கு அந்தத் திரை வேண்டும், பதினேழு வயதுப் பெண்ணுக்கு மட்டும் வேண்டாம் என்று வாதிட என்னால் முடியவில்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் பயம் வீண் என்று நான் சொல்லவில்லை. 2021 ஜூலையில் ‘சுல்லி டீல்ஸ்’, 2022 புத்தாண்டு நாளில் ‘புல்லி பாய்’ என்று இரண்டு செயலிகள் வந்தன. முஸ்லிம் பெண்களின் படங்களை எடுத்து அவர்களை ஏலம் விடுவதுபோல் கேவலப்படுத்தின. இரண்டாவதில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள்; பத்திரிகையாளர்களும் சமூகச் செயற்பாட்டாளர்களுமாக, குரல் எழுப்பக்கூடியவர்கள். கைதானவர்களில் பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதினர். அந்த வாரம் எங்கள் ஊரில் என்ன நடந்தது தெரியுமா? நான்கைந்து வீடுகளில் பெண்பிள்ளைகளின் போன் பிடுங்கப்பட்டது. குற்றம் செய்தவர்கள் யாருடைய பிள்ளைகள்? எந்த வீட்டில், எந்த அண்ணனும் தம்பியும் போனில் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வி அல்லவா அன்று எழுந்திருக்க வேண்டும்? பாதிக்கப்பட்டவர்களின் இனத்தைச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தண்டனை கொடுத்துவிட்டு, பாதுகாத்துவிட்டோம் என்று நாம் உறங்கப் போனோம்.

அந்தத் தாய் அன்றே வீட்டுக்குப் போய்ச் செயலியை நீக்கவில்லை. நான் வற்புறுத்தவுமில்லை. இரண்டு நாள் கழித்து மீண்டும் வந்தார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து, அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை முதலில் மாற்றி, அதில் சேர்ந்திருந்தவற்றைத் திறந்து பார்க்காமலேயே அழித்து, கணக்கையும் மூடினோம். மகளின் போனிலிருந்து அதை எடுப்பதானால் மகளிடம் சொல்லித்தான் எடுக்க வேண்டும் என்றேன். “சொன்னா என்னைய வெறுத்துடுவா, உஸ்தாதா” என்றார். வெறுக்கலாம், சில நாள் பேசாமலும் இருக்கலாம் என்றேன்; வேறு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சொல்லியிருக்கிறார். மகள் கத்தவில்லையாம், அழவும் இல்லையாம். போனை வாங்கி, செயலியைத் தானே நீக்கிவிட்டு, தாயிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டிருக்கிறாள்.

“அண்ணன் போன்லயும் இத போட்டிருந்தீங்களாம்மா?”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று அவர் என்னிடம் கேட்டார். அந்தப் பதில் என்னிடம் இல்லை, உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, பிள்ளையின் அத்தாவிடம் பேசிப் பாருங்கள் என்றேன்.

“வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு போன் பண்ணுவாக. கேக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.